ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியது கிடைத்தது. போனில் பாதி சொல்லிவிட்டு நிறுத்தினாயே, அன்றைக்கே ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். எழுதி அனுப்பியது நல்லது. நம்ம வீட்டில் போன் வந்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இதையெல்லாம் அப்படிப் பேச முடியாது.

அவசரமான விஷயத்துக்கு முதலில் வருகிறேன். பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று உன் அண்ணன் கேட்டிருக்கிறான். நீயோ பூசைக்குப் போவதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது எதையும் நம்பவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். சடங்குதானே, நின்றுவிட்டுப் போகிறேன், அண்ணன் மனம் நோக வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். நிற்காதே தம்பி. என் பதில் அதுதான்.

அந்தச் சடங்கில் ஞானத்தகப்பன் சும்மா நிற்பவன் இல்லை. பிள்ளைக்குப் பேச்சு வராது என்பதால் பெற்றவர்களும் ஞானப்பெற்றோரும்தான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். பிதாவை, சுதனை, பரிசுத்த ஆவியை, திருச்சபையை விசுவசிக்கிறீர்களா என்று சாமியார் வரிசையாகக் கேட்பார். கேட்கக் கேட்க "விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். உன் மதினி அதை நெஞ்சார நம்பிச் சொல்வாள். அவள் பக்கத்தில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நீ அதே சொல்லை நம்பாமல் சொன்னால், அவளுடைய சொல்லையும் சேர்த்து லேசாக்கிவிடுகிறாய். நம்புகிறவர்களுக்கு நம்பாதவர்கள் காட்டக்கூடிய மரியாதைகளில் பெரியது, அவர்களுடைய சொற்களைப் பொய்யாக வாயில் எடுக்காமல் இருப்பதுதான். இத்தனை காலம் இந்த ஊரில் இருந்து நான் கண்டது இது.

திருச்சபைச் சட்டமும் உன்னை நிற்கச் சொல்லவில்லை. 874-ஆம் விதியின்படி ஞானத்தகப்பனுக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதலும், நன்மை என்று நாம் சொல்கிற நற்கருணையும் வாங்கியிருக்க வேண்டும், எடுத்துக்கொள்கிற பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்க்கை வாழ்கிறவனாகவும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது உன்னிடம் இல்லை என்று நீயே சொல்கிறாய். ஆனால் அதற்கு முந்தின விதியில் உனக்கு வழி இருக்கிறது. ஞானத்தகப்பன், ஞானத்தாய் இருவரும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒருவர் இருந்தால் போதும். உன் மதினியின் தங்கச்சி ஞானத்தாயாக நிற்கப்போகிறாள் அல்லவா, அவள் மட்டும் நிற்கட்டும். ஊர் வழக்கத்துக்கு அது குறைவாகத் தெரியலாம். சட்டத்துக்குக் குறைவில்லை. சாமியாரும் மறுக்க முடியாது.

இதை உன் அண்ணனிடம் நீயே சொல்ல வேண்டும், தனியாக, நேரில். நான் இடையில் வரமாட்டேன். வந்தால் அக்கா தம்பியைக் கெடுத்துவிட்டாள் என்று ஆகிவிடும். "எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது, மற்றபடி பாப்பாவுக்கு நான் இருக்கிறேன்" என்று சொல். அவன் கோபப்படுவான். ஆனால் அவன் கடல்காரன், கோபத்தை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டான். அவனுடைய பெரியவன் பிறந்தபோது ஞானத்தாயாக நிற்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை, தெரியுமா? எல்லாருக்கும் என்னைப் பற்றித் தெரியும், கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்காமல் விட்டது வலித்தது. உன்னையாவது கேட்டிருக்கிறான். அதனால் மாட்டேன் என்பதை அன்பாகச் சொல்.

இப்போது நீ என்னைப் பற்றி எழுதியதற்கு வருகிறேன். "நம்பாத நீ ஊரோடு எல்லாவற்றிலும் கலந்து நிற்கிறாய், தலைக்கட்டு வரி கொடுக்கிறாய், கொடிப்பட்டத்தின் பின்னால் நடக்கிறாய், இது நடிப்பு இல்லையா" என்று கேட்டிருக்கிறாய். கேட்டதில் தப்பில்லை. என்னை நானே கேட்டுக்கொண்டதுதான்.

கோட்டை எங்கே போட்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். ஊரோடு நிற்பேன், நடப்பேன், சுமப்பேன், சமைப்பேன். நம்பாததை என் வாயால் சொல்லமாட்டேன், நம்புகிற மாதிரி உடம்பால் காட்டவும் மாட்டேன். கல்யாணப் பூசைக்கும் அடக்கப் பூசைக்கும் போகிறேன். நன்மை வாங்க எழுந்து போவதில்லை. வரிசையே எழுந்து என் முழங்காலைத் தாண்டிப் போகும், நான் கால்களை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஊரில் யார் நன்மை வாங்கவில்லை என்பதை எல்லாரும் கவனிப்பார்கள் என்பது உனக்குத் தெரியாதா? தொடக்கத்தில் அந்த நேரம் எனக்கு உடம்பெல்லாம் கூசும். இப்போது கூசுவதில்லை. அவர்களுக்கும் பழகிவிட்டது. அன்பியக் கூட்டம் நம்ம வீட்டு முறைக்கு வரும்போது பாய் விரிக்கிறேன், தேத்தண்ணி போடுகிறேன், செபம் முடிகிறவரை அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவன் ஒரு முறை, "அத்தை, நீ ஏன் சிலுவை போடல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். "நான் நம்பல மக்கா, அதான் போடல. நீ நம்பினா போடு" என்றேன். அவன் போட்டுக்கொண்டான். உன் மதினி அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது, பிறகு அது போய்விட்டது. அவனை நான் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்பதை அவள் கண்டுகொண்டாள்.

இந்தக் கோட்டுக்காக நான் கொடுத்த விலை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது சின்னவன். கல்யாணத்துக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றபோது நான் மாட்டேன் என்றேன். முட்டுப்போட்டு ஏதாவது இரண்டு பாவத்தைச் சொல்லிவிட்டு வா, யாருக்குத் தெரியப்போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சினார்கள். நல்ல மனிதர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அப்போது இருந்த சாமியார், இது இல்லாமல் கல்யாண ஓலை வாசிக்க முடியாது என்றார். பேச்சு அங்கேயே நின்றது. வேறு வழியைத் தேடாமல் இல்லை. 1967-இல் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இந்துத் திருமணச் சட்டத்துக்குத்தான் திருத்தம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கிற நமக்கு அது கிடையாது. மிச்சம் இருப்பது 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் பதிவு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டிவைப்பார்கள். தன் அம்மா ஒரு நாள்கூடத் தாங்கமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அது உண்மைதான். நான் வற்புறுத்தவில்லை.

அந்த நாட்களில் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் பெரியார் புத்தகங்களை வாங்கி வந்து படித்தேன். தைரியம் கொடுத்தன, அதை என்றும் மறக்கமாட்டேன். ஆனால் அங்கே பழகிய தோழர்கள் பேசினால் பேச்செல்லாம் புராணம், பிராமணப் புரோகிதர், தாலி என்றே போகும். நம்ம ஊரில் ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. அம்மாவின் தாய்மொழியிலேயே பூசை நடக்கிறது, படிக்கவைத்ததே கன்னியர் மடத்துப் பள்ளிதான், ஏலத்தில் தகராறு என்றால் தீர்த்துவைப்பவரும் சாமியார்தான். இப்படிப்பட்ட ஊரில் நம்பாதவள் எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஆளில்லை. அதை நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நீயும் சென்னையில் கிடைக்கிற பேச்சை அப்படியே இங்கே கொண்டுவந்து அம்மா முன்னால் வைக்காதே. அது அவளிடம் போய்ச் சேராது.

எனக்கு ஏன் நம்பிக்கை போனது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அப்பாவை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த கோபத்தில் ஆண்டவரை விட்டுவிட்டாள் என்பார்கள். அப்படி இல்லை. எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக நம்ம முத்துக்குளித்துறையின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். 1535 வாக்கில் முத்துக்குளிப்பு உரிமைக்கான சண்டையில் நம்ம ஆட்கள் நெருக்கடியில் இருந்தார்கள். பெரியவர்கள் சிலர் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதற்கு ஈடாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஒன்றிரண்டு வருஷத்துக்குள் கரை முழுக்கச் சுமார் 20 ஆயிரம் பேர். அதோடு சாமியார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். 1542-இல் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இந்த மக்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். செபங்களைத் தமிழில் ஆக்கவைத்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்யவைத்தது அதற்குப் பிறகுதான். கொல்லத்தில் 1578-இல் அன்றிக் அடிகளார் தம்பிரான் வணக்கத்தை அச்சடித்தார். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகமே நம்ம கரைக்காகச் செய்ததுதான்.

படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே எனக்குள் இருந்த ஒன்றும் தெளிந்தது. ரொம்ப நாளாகவே நான் நம்பாமல்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் நின்றுவிட்டது. கோயில் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள். அடுத்த வாரம் வகுப்பை வேறொரு பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அந்த வரலாறு எனக்கு இன்னொன்றையும் கொடுத்தது. நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் முதலில் ஒன்றாகச் சேர்ந்தார்கள், பிறகுதான் நம்பக் கற்றுக்கொண்டார்கள். உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வந்தபோது ஒருத்தரை ஒருத்தர் விடாமல் மொத்தமாக நடந்து போனார்கள். எது இந்த ஊரைக் கட்டியதோ அது விசுவாசத்துக்கும் முந்தியது. அதில் எனக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, சாமியாராலும் முடியாது. நான் இங்கே விருந்தாளியாக இல்லை தம்பி. வரி கொடுக்கிறேன் என்றால் பயந்து கொடுக்கவில்லை. கரையில் எரிகிற விளக்கு அந்தப் பணத்தில் எரிகிறது, வலைக்கூடத்துக்குக் கூரை அந்தப் பணத்தில் போட்டார்கள்.

அதே உரிமையில்தான் சண்டையும் போடுகிறேன். வரி பாக்கி என்று ஒரு வீட்டுப் பெண்ணின் ஓலையை நிறுத்தி வைத்தார்கள். புருஷன் இல்லாத வீடு, கருவாடு விற்றுப் பிழைக்கிறவள். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். நம்பாதவளுக்கு இங்கே என்ன பேச்சு என்றார் ஒருவர். வரிச் சீட்டில் என் பெயரை வாசித்துப் பாருங்கள், நம்புகிறவளா என்று அதில் கேட்டிருக்கிறதா என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஓலை அடுத்த ஞாயிறே வாசிக்கப்பட்டது. கல்லறையும் ஓலையும் சான்றிதழும் ஒரே கையில் இருப்பது நல்லதல்ல என்று இப்போதும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கேட்டால், அது இருக்கட்டும் என்பேன். வாரத்தில் ஒரு நாள் ஆண்கள் வீட்டில் தூங்குகிறார்கள், கடலும் கொஞ்சம் மூச்சுவிடுகிறது.

கூடங்குளம் போராட்டத்தின்போது பெண்களோடு வேனில் இடிந்தகரைக்குப் போனேன். லூர்து மாதா கோயிலுக்கு முன்னால் பந்தல். கோஷம் போடுவார்கள், அலுத்தால் செபமாலை சொல்வார்கள், திரும்பக் கோஷம். கோஷத்துக்கு என் குரல் இருந்தது, செபமாலைக்கு இல்லை. பக்கத்தில் இருந்தவள் அந்த நேரத்தில் தன் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு மணி உருட்டினாள். அந்தக் கோயில் இல்லாவிட்டால் அத்தனை நாள் அந்தக் கூட்டம் ஒரே இடத்தில் நின்றிருக்காது. நம்பாதவள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்றும் கேட்டிருக்கிறாய். போன ஆடியில் கச்சான் காற்று வலுத்திருந்தபோது உன் அண்ணன் போன பைபர் படகு சொன்ன நேரத்துக்குக் கரை வரவில்லை. போன் எடுக்கவில்லை. இருட்டிய பிறகு பெண்கள் எல்லாம் குருசடிக்குப் போனார்கள். அம்மா முன்னால், உன் மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால். நானும் போனேன். கடலோரக் காவல்படையின் 1554-க்கு அடித்துப் படகின் எண், ஆட்கள் எத்தனை, எந்தப் பக்கம் போனார்கள் என்று சொன்னேன். மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அடித்தேன், பக்கத்து ஊர்களுக்கு அடித்தேன். நடுவில் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீ போன் பண்ணு மக்கா, நாங்க சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்படித்தான் அந்த இரவு போனது. விடியும்போது இன்ஜின் கோளாறான படகை உவரிக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நடுராத்திரியில் அம்மா மாதாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண் அயர்ந்தாள். எனக்கு அப்படி ஒப்படைக்க யாரும் இல்லை. படகு வராமலும் போகலாம், வராவிட்டால் அதற்கு ஒரு காரணமும் இருக்காது என்று தெரிந்துகொண்டே முழித்திருந்தேன். நம்பாமல் இருப்பதில் மிகவும் கடினமானது இதுதான். ஊர்ப்பேச்சு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நீயும் இந்தப் பக்கம் வந்திருக்கிறாய் என்றால் இது உனக்கும் வரும், தயாராக இரு. ஆனால் அந்த இரவை வேறு எந்த ஊரிலும் இருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடிந்திருக்காது. நான் இங்கே இருப்பதற்கு வேறு காரணம் தேடாதே.

அம்மாவிடம் எப்போது சொல்வது என்று கேட்டாய். நீயாகப் போய்ச் சொல்லாதே. திருநாள் நேரத்தில், வீடு நிறைய ஆள் இருக்கும்போது, கண்டிப்பாக வேண்டாம். அவள் கேட்டால் பொய்யும் சொல்லாதே. கேட்பாள், ஒரு நாள் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்பாள். என்னைக் கேட்டபோது, ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டாள். பிறகு வந்து மீன் துண்டு இன்னொன்று வைத்தாள். இன்றுவரை எனக்காகச் செபிக்கிறாள், எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு என் மேல் உள்ள அன்பை அவள் வேறு எந்த வழியில் காட்டுவாள்?

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதற்கு நீ வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிக்கு என் உடலை எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, கடைசியில் வாரிசு ஒப்படைத்தால்தான் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுப்பார்கள் என்ற பயத்தில் இதைச் செய்யவில்லை. வெளிப்படையாக விசுவாசத்தை விட்டவர்கள் மனம் வருந்திய அடையாளம் காட்டாவிட்டால் திருச்சபை அடக்கத்தை மறுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்ம ஊரில் அதை என் மேல் பிரயோகிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு உள்ள பயம் வேறு. கடைசி நேரத்தில் நினைவில்லாத என் உதட்டில் யாராவது பாடுபட்ட சுரூபத்தை வைத்துவிட்டு, அவள் மனம் திரும்பிவிட்டாள் என்று ஊருக்குச் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்வார்கள். ஆனால் அது உண்மையாக இருக்காது. நீ உயிரோடு இருந்தால், இல்லை, அக்கா கடைசிவரை அப்படியேதான் இருந்தாள் என்று சொல்ல வேண்டும். சண்டை போட வேண்டாம், ஒரு முறை தெளிவாகச் சொன்னால் போதும்.

ஒரே ஒரு விலக்கு. அம்மா இருக்கும்போது நான் முந்திக்கொண்டால் கல்லூரி வேண்டாம். அவள் விரும்புகிற மாதிரி பூசை வைத்து, மணியடித்து, அப்பா பக்கத்தில் அடக்கம் செய்யுங்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற அவளுக்கு ஓர் இடம் வேண்டும். அப்போது அங்கே சொல்லப்படுகிற செபங்கள் அவர்களுடைய வாயிலிருந்து வருபவை, அவர்கள் நம்பிச் சொல்பவை. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உன் அண்ணனிடம் இதைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. நீ வரும்போது மூவரும் உட்கார்ந்து பேசலாம். படிவத்தில் உன் கையெழுத்து வேண்டும், ஆதார் நகல் ஒன்று எடுத்துவா.

பாப்பாவின் விஷயத்தை அதுவரை தள்ளிப்போடாதே. இந்த வாரமே புறப்பட்டு வந்து அவனிடம் பேசு. ஞானப்பெற்றோர் பெயரைச் சாமியாரிடம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கொடுத்த பிறகு மாற்றினால் அவனுக்குத்தான் அவமானம். பேசி முடித்ததும் அன்றைக்கே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவன் வீட்டில் இரு, உடனே கிளம்பிவிடாதே. கழுத்து இன்னும் நிற்கவில்லை, பார்த்துத் தூக்கு.

அன்புடன்,
அக்கா